புதுப்பிப்பு: வால்பாறை போய்ட்டு வந்தாச்சு
பொள்ளாச்சி–வால்பாறை வழியில எங்கெல்லாம் நிறுத்தலாம்னு போன வாரம் கேட்டிருந்தேனே, போய்ட்டு வந்தாச்சு. ஆழியாறு தாண்டி குரங்கருவியில ஒரே கூட்டம், இறங்கவேயில்லை. 40 கொண்டை ஊசி வளைவுல 9ஆவதுல இருக்கிற லோம்ஸ் காட்சிமுனைதான் அருமை. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிஞ்சு கிடக்குது. ரோட்டோரச் சுவர்கிட்ட ரெண்டு வரையாடு நின்னு அசைபோட்டுட்டிருந்தது, ஹாரன் அடிச்சும் நகரலை (அடிச்சது நான் இல்லைங்க!).

புதுத்தோட்டம் பக்கம் மெதுவா ஓட்டுங்க, சிங்கவால் குரங்குங்க ரோட்டைக் கடக்கும். அதுங்களுக்காக மரத்துக்கு மரம் கயித்துப் பாலம் கட்டியிருக்காங்க, அண்ணாந்து பாருங்க. தின்ன எதுவும் போட்டுடாதீங்க.

நல்லமுடி காட்சிமுனை சுத்துவழிதான், ஆனா விடாதீங்க. காலையிலேயே போயிடுங்க, மதியம் போனவங்களுக்கு வெறும் மஞ்சுதானாம். சோலையாறு அணைக்கு நேரமில்லை, அடுத்த தடவை.