வெய்புல் வடிவ அளவுரு 0.96, ஆனால் புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை

ரிலே_சோதனை:
வணக்கம். 48 ரிலேக்களை (மின்சுற்றைத் திறந்து மூடும் நிலைமாற்றிகள்) ஓட்டி, எது எப்போது பழுதானது என்று குறித்த தரவு இருக்கிறது. கடைசிவரை பழுதாகாத 6 ரிலேக்களையும் கணக்கில் சேர்த்தே வெய்புல் (ஆயுட்காலத் தரவுக்கான நிகழ்தகவுப் பரவல்) பொருத்தினேன். வடிவ அளவுரு 0.96. அது 1-க்கு அருகில், அப்படியானால் பழுது வீதம் கிட்டத்தட்ட மாறிலி, மாறா வீதத்துக்கான எக்ஸ்பொனென்ஷியல் பரவலே போதும். ஆனால் வெய்புல் தாளில் (தரவு வெய்புல் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் வரும் வரைதாள்) புள்ளிகள் முதலில் படுத்துக்கிடந்து, வலக்கோடியில் சட்டென்று செங்குத்தாக ஏறுகின்றன. எதை நம்புவது?

தேய்மானம்:
தாளை நம்புங்கள். வெய்புலின் பழுது வீதம் ஏறும், இறங்கும், அல்லது அப்படியே நிற்கும். இறங்கிவிட்டு ஏற அதற்கு வராது. உங்கள் தரவில் இரண்டும் இருப்பதால் நடுவில் 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆர்செட் 1987-இல் வெளியிட்ட 50 கருவிகளின் தரவிலும் இதே கதைதான்: வெய்புல் பொருத்தினால் 0.95 வரும். ஆனால் முதல் இரண்டு பழுதுகள் 0.1, 0.2-இலேயே வந்துவிடும், கடைசிக் கருவிகளோ 82-க்கும் 86-க்கும் நடுவே கொத்தாகப் போகும்.

மொத்தச் சோதனை நேர வரைபடம் ஒன்று போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு பழுதுவரை எல்லா ரிலேக்களும் சேர்ந்து ஓடிய நேரத்தின் பங்கை, பழுதானவற்றின் பங்கோடு வரைவது. வளைவு மூலைவிட்டத்துக்குக் கீழே தொடங்கி, அப்புறம் மேலே போனால் அது குளியல்தொட்டி, அதாவது பழுது வீதம் இறங்கிவிட்டு ஏறுகிறது. அதற்கு முட்ஹோல்கர், ஸ்ரீவஸ்தவா 1993-இல் தந்த அடுக்கேற்றிய வெய்புல் பொருந்தும். வெய்புலின் குவிவுச் சார்பை (ஒரு நேரத்துக்குள் பழுதாகும் நிகழ்தகவை) தீட்டா என்ற அடுக்குக்கு உயர்த்துவார்கள், அவ்வளவுதான். ஆல்பா (வெய்புலின் வடிவ அளவுரு) 1-க்கு மேல், ஆல்பா பெருக்கல் தீட்டா 1-க்குக் கீழ் என்றால் தொட்டி வடிவம்.

ரிலே_சோதனை:
வரைபடம் நீங்கள் சொன்னபடியே வருகிறது. ஆனால் பொருத்தும்போது நிரல் பாதியில் நின்றுவிடுகிறது, எதிர்ம மதிப்புகளுக்குப் போய்விடுகிறது.

தேய்மானம்:
மூன்று அளவுருக்களையும் (ஆல்பா, தீட்டா, நேர அளவைக் காட்டும் மூன்றாவது) மடக்கையாக மாற்றிவிட்டுத் தேடச் சொல்லுங்கள், எதிர்மத்துக்கே போகாது. ஒரு தடவை வெய்புல் விடையோடு தீட்டா 1 வைத்தும், இன்னொரு தடவை ஆல்பா 3, தீட்டா 0.3 வைத்தும் தொடங்குங்கள். ஆல்பா ஏறத் தீட்டா இறங்கும், விடை ஒரு நீளமான மேட்டில் வழுக்கும். ஒரே தொடக்கத்தை நம்பாதீர்கள்.

கோட்டுப்புள்ளி:
சரி, ஆனால் அளவுரு கூட்டுவதற்கு முன்னால் பழுதான ரிலேக்களைத் திறந்து பார்த்தீர்களா? தினம் ஒரு புதுப் பரவல் வருகிறது, பாதி வெறும் கணித அலங்காரம். சீக்கிரம் போனவையும் தாமதமாகப் போனவையும் ஒரே காரணத்தால் போயினவா?

ரிலே_சோதனை:
திறந்து பார்த்தேன். பொருத்தமும் இப்போது நிற்கிறது: ஆல்பா 3.8, தீட்டா 0.2. சீக்கிரம் போனவற்றில் பற்றவைப்பு விரிசல், மற்றவற்றில் தொடுமுனைத் தேய்மானம். விரிசல் ஒரே தொகுதியில்தான்.

கோட்டுப்புள்ளி:
அப்படியென்றால் கலவை மாதிரியே (இரண்டு தனிக் கூட்டங்கள் கலந்த தரவு என்று கொள்வது) சரி. எல்லா ரிலேக்கும் இரண்டு ஆபத்தும் இருந்திருந்தால் பழுது வீதங்களைக் கூட்டலாம். இங்கே விரிசல் ஆபத்து அந்தத் தொகுதிக்கு மட்டும். அதைப் பிரித்துவிட்டு, மீதியில் வெய்புலையே மறுபடி பொருத்துங்கள். வடிவ அளவுரு 1-ஐ நன்றாகத் தாண்டினால் அடுக்கேற்றியது தேவைப்படாது.