அம்மாவின் குறிஞ்சிக் கவிதை: பாதிதான் இருக்கிறது

கொடைக்கானலில் ஏழாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு மலரில் அம்மா எழுதிய கவிதையைத் தேடுகிறேன். கையில் இருப்பது பாதிப் பக்கம். மீதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது, ஸ்டேப்ளர் பின்னும் துருவேறி நடுவில் பழுப்புக் கோடு. அட்டை கிடையாது, அதனால் வருஷமும் தெரியவில்லை. ஆனால் "இந்த வருஷம் மலையெல்லாம் நீலம்" என்று ஒரு வரி தப்பியிருக்கிறது. நீலக்குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறைதானே? 2018, 2006, 1994 என்று பின்னால் எண்ணினால் 1982. அம்மாவின் வயதுக்கும் சரியாக வருகிறது.

பள்ளியில் கேட்டேன். பழைய மலர்கள் ஈரத்தில் ஊறி எடைக்குப் போய்விட்டனவாம். மூஞ்சிக்கல் பக்கம் பழைய பேப்பர் கடை, அம்மாவின் தோழிகள் இரண்டு பேர், எங்கும் இல்லை. அம்மாவுக்கு நான்கு வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

1982-83 கொடைக்கானல் பள்ளி ஆண்டு மலர் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கிறதா? பள்ளிப் பெயரை உள்பெட்டியில் சொல்கிறேன்.