2013-ஆம் ஆண்டு மடிக்கணினியும் பழைய கைபேசியும்: குழுக் கணக்கு எழுத உதவுமா?

ஊக்குநர், முசிறி

வணக்கம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். சேமிப்பு, உள்கடன், வட்டி என்று கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிடுகிறது. என் தம்பி 12-ஆம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடக்கிறது. 2013-ஆம் ஆண்டுடையது, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பில் மிரட்டுகிறது. மூலையில் தேதி 1-1-2012 என்று காட்டுகிறது. திருத்தி வைத்தாலும் மறுநாள் பழையபடி அங்கேயே போய் நிற்கிறது. திரை விரிசல் விட்ட ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியும் சும்மா இருக்கிறது. இவற்றைத் தேற்ற முடியுமா? நிறையச் செலவு செய்ய இயலாது.

கணினிக் கடை, ஈரோடு

காயலான் கடையில் போட்டுவிட்டுத் தவணையில் புதியது வாங்குங்கள். இதற்குச் செலவழிக்கும் பணம் தண்டம்.

பழுது பார்ப்பவர், திண்டுக்கல்

அண்ணன் சொல்வது கடைக்கு லாபம், குழுவுக்கு அல்ல. கணக்கு எழுத இந்தக் கணினியே போதும் அக்கா.

முதலில் தேதியைச் சரி செய்யுங்கள். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கணினி தன்னை 2012-இல் இருப்பதாக நினைப்பதால், இன்றைய சான்றிதழ்களை எல்லாம் இன்னும் தொடங்காதவை என்று தள்ளிவிடுகிறது. தளங்கள்மீது குற்றமில்லை. தாய்ப்பலகையில் தேதியைக் காக்கும் சிறு பட்டன் செல் ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். பெரிய பேட்டரியும் செத்துவிட்டதால், மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் அந்தச் செல் தனியாகச் சுமந்து தீர்ந்துபோயிருக்கும். சில மடிக்கணினிகளில் அதை பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரண்டு ஒயர்களோடு வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் ஒயருடனேயே கேட்டு வாங்குங்கள், வெறும் செல்லை வைத்துச் சூட்டுக்கோலால் பற்றவைக்க முயலாதீர்கள். திறக்கும் முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து வேகம். பணம் ஒரு பொருளுக்குத்தான் உண்டு என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள், அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம், 2.5 அங்குல சாட்டா இணைப்பு வகை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் பொருத்தலாம். ரேம் அதற்குப் பிறகு. ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடவே தொடாது, ஆகவே விண்டோஸை வைத்துக்கொண்டு ரேம் மட்டும் கூட்டுவது வீண். ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். அதன் லேபிளில் பிசி3 என்றிருக்கிறதா, பிசி3எல் (குறைந்த மின்னழுத்த வகை) என்றிருக்கிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல் வகை கேட்கும் கணினியில் சாதாரண வகை வேலை செய்யாது.

ஊக்குநர், முசிறி

நன்றி தம்பி. விண்டோஸ் 10 அல்லது 11 போட்டுவிட்டால் ஆகாதா?

பழுது பார்ப்பவர், திண்டுக்கல்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. 11-க்கு 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறார்கள், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். உங்கள் கணினி அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபியில் தட்டுத்தடுமாறி ஓடும், 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் பழைய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம். கணக்குக்கு அதிலேயே எக்செல் போன்ற லிப்ரெஆஃபிஸ் கால்க் இருக்கிறது.

ஊக்குநர், முசிறி

செல் மாற்றியாயிற்று, தேதி நிற்கிறது, தளங்களும் திறக்கின்றன. எஸ்எஸ்டி போட்டு மின்ட்டும் நிறுவிவிட்டோம். கணினி எழுந்துவரும் வேகத்தைப் பார்த்துத் தம்பியே வாயைப் பிளந்தான். ஆனால் வைஃபை பட்டியலே வரவில்லை. பழைய கைபேசியைக் கேபிளில் இணைத்தால் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கிறது, தொட்டால் அசையவில்லை.

பழுது பார்ப்பவர், திண்டுக்கல்

கேபிளை மாற்றுங்கள். மலிவுக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. கைபேசிக்குச் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கைபேசியில் சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு டெதரிங் போட்டால், அந்த இணையத்தையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். பிறகு மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறங்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டை என்றால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் அங்கே காத்திருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அம்மா. குழுவின் பழைய தீர்மானங்களை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய எழுத்துருவை இன்றைய பொது எழுத்து முறைக்கு மாற்றும் யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பிவிடும். புதிதாகத் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். இன்னொன்று: கையெழுத்துப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் உறுப்பினர்கள் புரட்டிப் பார்த்துக் கையொப்பம் இட அதுதான் வேண்டும். கணினி கூட்டல் சரிபார்க்கட்டும்.

ஊக்குநர், முசிறி

வேறு கேபிள் போட்டதும் டெதரிங் வந்தது ஐயா, வைஃபை டிரைவரும் ஏறிவிட்டது. பாமினி கோப்புகள் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தன. அழிக்காமல் விட்டது நல்லதாயிற்று. கைபேசியை இனிப் பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வைக்கப் பயன்படுத்தலாம் என்றிருக்கிறேன். ஒரு சந்தேகம்: மேசையில் வைத்தால் அது சமமாக உட்காரவில்லை, விரலால் தொட்டால் பம்பரம் போலச் சுற்றுகிறது. பின்மூடியும் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. இரவெல்லாம் சார்ஜரில்தான் இருக்கிறது.

பழுது பார்ப்பவர், திண்டுக்கல்

அக்கா, சார்ஜரை இப்போதே பிடுங்குங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. மூடியை அமுக்கி மூடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், தலையணைப் பக்கம் வைக்காதீர்கள். கைபேசியை அணைத்து, துணி, காகிதம் எதுவும் இல்லாத சிமென்ட் தரையில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. அந்த மாடலுக்குப் பேட்டரி கிடைத்தால் கடையில் மாற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேட்டரி மாற்றும்வரை பதிவேட்டைப் படமெடுக்க உங்கள் கைபேசியையே பயன்படுத்துங்கள்.