புதுப்பிப்பு: கம்பி கட்டினேன், வஞ்சிரம் ஏறிடுச்சு
கோவளத்துல கயாக்ல (சின்னத் துடுப்புப் படகு) இருந்து லூர் (மீன் மாதிரி செஞ்ச போலி இரை) இழுத்தா வஞ்சிரம் தூண்டில் நரம்பைப் பல்லால அறுத்துட்டுப் போகுதுன்னு போன வாரம் புலம்பியிருந்தேனே, அதோட தொடர்ச்சி இது.

நீங்க சொன்னபடி லூருக்கு முன்னாடி ஒரு சாண் கம்பி கட்டினேன். விடியக்காலையிலேயே அலை தாண்டியாச்சு. 2 மணி நேரம் ஒரு கடிகூட இல்ல. கம்பி மீன் கண்ணுல படுதோன்னு சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் ஆலாப் பறவைங்க மீனுக்காகப் பாய்ஞ்சு விழுற இடத்தைச் சுற்றித் துடுப்பு போட்டதும் நரம்பு சுத்தியிருக்கிற ரீல் அலறிச்சு பாருங்க! கயாக்கையே கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு. 3 கிலோ இருக்கும். கம்பியில பல்லுக் கீறல், நரம்பு பத்திரம்.

மடியில துள்ளுற மீன் வாயில மும்முள் தூண்டில். அதுதான் உண்மையான பயம். இடுக்கி எடுத்துட்டுப் போகச் சொன்ன அண்ணனுக்குக் கும்பிடு. 11 மணிக்குக் கடற்காற்று ஏறவும் கரை திரும்பிட்டேன். அடுத்த தடவை ஒற்றை முள்தான்.