பட்டுக்கோட்டை வழி மெட்ராஸ் வண்டி: ஏறியவர்களும் காத்திருந்தவர்களும் சொல்லுங்கள்

பட்டுக்கோட்டைக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். ஊர் பட்டுக்கோட்டை, பிழைப்பு குரோம்பேட்டையில். கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய காலத்தில் எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் நம்ம ரயிலடி. மீட்டர்கேஜ் வண்டி, குலுக்கிப் போடும், ஆனாலும் இடையில் இறங்கி ஏறுகிற வேலை இல்லை. அகலப்பாதைக்காக மெயின் லைனை மூடினார்கள், கம்பன் நின்றது. 2012இல் நம்ம பக்கத்துப் பாதையையும் மூடிவிட்டார்கள். அந்த வருடம்தான் என் அண்ணன் மகள் ஒன்றாவதில் சேர்ந்தாள். காரைக்குடி – பட்டுக்கோட்டை 2018இல் திறந்தது, பட்டுக்கோட்டை – திருவாரூர் 2019 ஜூனில். அப்போதும் சென்னைக்கு வண்டி இல்லை. தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸ் நம்ம ஊர் வழியாக வந்தது 2023 ஏப்ரல் 8 அன்று. அண்ணன் மகள் ப்ளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

நடுவில் ஓடிய டெமு என்ற டீசல் பாசஞ்சர் வண்டியை யாராவது மறந்திருப்பீர்களா? லீவில் போயிருந்தபோது வேடிக்கை பார்க்கவே ஒருநாள் திருவாரூரில் ஏறினேன். கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் காரைக்குடி போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். காரணம் கேட்டுகள். லெவல் கிராசிங்குகளுக்கு நிரந்தரமாக ஆள் போடவில்லை, அதனால் கேட் கீப்பர்களும் வண்டியிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கமிருந்து ஒருவர் கொடிகளோடு இறங்கிப் போய்ச் சாலையை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்பக்கமிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். கிளம்பி ரெண்டு நிமிஷம் போனால் அடுத்த கேட்.

ஒரு கேட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் புல்லுக்கட்டு வைத்திருந்த பெரியவர், “நான் போய்க்கிறேன், அப்புறம் மூடு” என்று கேட் கீப்பரோடு மல்லுக்கு நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எங்கள் பெட்டியிலிருந்து ஒரு அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வரப்பில் நடந்து போய்விட்டார். “வீடு இங்கதான் தம்பி, ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி நடக்கணுமா?” இப்படி எத்தனை பேர் இறங்கினார்கள் என்று தெரியவில்லை. எதிர் சீட்டுக்காரர் மட்டும், “இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலாம்” என்று காரைக்குடி வரை சொல்லிக்கொண்டே வந்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்து அந்த வண்டியும் நின்றது.

சரி, உங்கள் கதைகளைப் போடுங்கள்.

திருத்துறைப்பூண்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்

கம்பன் என்ற பெயரின் அழகை யாரும் சொல்லவில்லையே. கம்பர் பிறந்ததாகச் சொல்லும் தேரழுந்தூர் மாயவரத்துக்குப் பக்கம். அவர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை காரைக்குடிக்கு அந்தண்டை. மாயவரத்தில் திரும்பி காரைக்குடிக்குப் போன வண்டிக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. வகுப்பில் கம்பராமாயணம் எடுக்கும்போது இதைச் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது அந்தப் பெயர் காரைக்கால் வண்டிக்குப் போய்விட்டது.

இன்னொன்று. இந்தப் பாதை சும்மா வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரூபாய்க்கு மூன்று தம்பிடி ரயில் வரி என்று தனியாக வசூலித்துத்தான் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை போட்டது. 1894இல் வண்டி ஓடியது. பிறகு பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீட்டினார்கள். காரைக்குடியைத் தொட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. “நமக்கு ரயில் கொடுத்திருக்கிறார்கள்” என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நம்ம கொள்ளுத்தாத்தா நெல்லை விற்றுக் கட்டிய வரி அது.

எங்கள் ஊரிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகிற 37 கிலோமீட்டர் பாதையையும் செங்கோட்டை வண்டியைக் கொடியசைத்த அதே நாளில்தான் திறந்தார்கள். வேதாரண்யம் உப்புக்கு அது முக்கியம். வண்டி வந்த முதல் வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். உப்பளம் வந்ததும் “தாத்தா, பனி!” என்றான்.

பேராவூரணிப் பக்கம்

என் கதை கொஞ்சம் நீளம். அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் சென்னையில். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தோப்பில் பாதித் தென்னை சாய்ந்த சமயம். காருக்கு வாடகை கொடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை. ஆம்னி பஸ்தான்.

பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மோட்டலில் நிறுத்துவான். அம்மா படியிறங்கி அந்தக் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கண்டக்டர் கதவைத் தட்டுவார். ரெண்டாவது தடவை போனபோது அம்மா ஒரு முடிவு எடுத்துவிட்டார்: புறப்படுகிற அன்று மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால், “தாகமில்லடா” என்பார். டாக்டர்தான் கண்டுபிடித்தார். “ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?” அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செங்கோட்டை வண்டி விட்டதும் முதல் வேலையாக லோயர் பெர்த் போட்டேன். மச்சான் காரில் பட்டுக்கோட்டை ரயிலடியில் கொண்டுவந்து விட்டார். அம்மா வண்டியில் உட்கார்ந்ததும் முதலில் செய்தது, எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிவறை எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தது. திரும்பி வந்து எண்ணிச் சொன்னார்: “பதினாலு அடி.” பிறகு பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடித்தார். விழுப்புரம் வருவதற்குள் நாலு தடவை எழுந்து போனார். எனக்குத்தான் தூக்கமில்லை.

வண்டி வேண்டும் என்று ஊரில் மனு எழுதியபோது தேங்காய் வியாபாரம், மாணவர்கள், சுற்றுலா என்று எல்லாம் எழுதினோம். அம்மாவின் தண்ணீர் பாட்டிலை எழுதத் தோன்றவில்லை.

முத்துப்பேட்டை பாய்

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒரு நடைமுறை விஷயம் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் தாம்பரம் – ராமேஸ்வரம் தினசரி வண்டி விடும் வரை, வாரத்தில் மூன்று நாள் வண்டியை வைத்து வியாபாரி என்ன செய்ய முடிந்தது? சென்னையில் சரக்குப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்ப வேண்டும். அன்றைக்கு வண்டி இருக்காது, இருக்கிற அன்று வெயிட்டிங் லிஸ்ட். நான் அப்போதெல்லாம் மன்னார்குடி போய் மன்னை எக்ஸ்பிரஸ்தான் பிடித்தேன். 2011இலிருந்து ஓடுகிறது, தினமும் உண்டு. இத்தனைக்கும் நீடாமங்கலம் – மன்னார்குடிப் பாதை ஒரு காலத்தில் இல்லாமல் போனது, அதுவே திரும்பி வந்துவிட்டது. நம்ம பாதைக்குத் தினசரி வண்டி வந்த பிறகுதான் நான் நேர் வண்டி என்று ஒத்துக்கொண்டேன்.

அறந்தாங்கி

பாய் சொல்வது சரி. அதோடு செங்கோட்டை வண்டி தாம்பரத்திலிருந்து வரும்போது விடிவதற்கு முன்பே இறக்கிவிடுகிறது. அந்த இருட்டில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் ரேட். நான் பிளாட்பாரத்து பெஞ்சிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவேன். முதல் டவுன் பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து போவேன். ஆனாலும் ஆம்னி பஸ்ஸுக்குத் திரும்பிப் போக மாட்டேன்.

பட்டுக்கோட்டைக்காரன்

பாய், உங்கள் கட்சிதான் நானும். தினசரி வேண்டும் என்று நானும் கேட்டவன்தான். பாதை போட்டு முடிந்தபோது ஊரில் வெடி வெடித்தோம், அதற்கப்புறம் நாலு வருடம் நமக்கென்று சென்னை வண்டி விடவில்லை, கேட்டுக்குக் கேட்டு நின்று போன டெமுவும் நடுவில் கொரோனாவில் நின்றது. தண்டவாளம் கிடந்தால் போதாது, அதன் மேல் சென்னை என்று போர்டு மாட்டிய பெட்டி ஓட வேண்டும். மூன்று நாளாவது வந்ததே என்று விட்டிருந்தால் மூன்று நாளோடு நின்றிருக்கும்.

பேராவூரணி அண்ணே, உங்கள் அம்மாவைப் படித்த பிறகு எனக்கு அப்பாயி ஞாபகம். கம்பனில் ஏறும்போது கூஜாவில் தண்ணீர், தூக்குச்சட்டியில் புளிச்சோறு. செங்கல்பட்டு தாண்டியதும் பெட்டி முழுக்க அந்த வாசனைதான் அடிக்கும். எதிரில் யார் இருந்தாலும் ஒரு இலையில் வைத்து நீட்டிவிடுவார். போன மாதம் செங்கோட்டை வண்டியில் என் மனைவி அதே மாதிரி புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். எதிர் பெர்த்துப் பையனிடம் நீட்டினோம். காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, “எந்த ஊர் அண்ணே?” என்றான். பட்டுக்கோட்டை என்றேன். அவன் அதிராம்பட்டினமாம். கம்பன் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லையாம். சோற்றை மட்டும் ரெண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டான்.