வெயில் ஏறினால் சுற்றுலாத் தொழிலில் முதலில் எது கைவிடும்? – அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்
"சூடு கூடிப்போச்சு, கூட்டம் குறைஞ்சுபோச்சு" என்ற பதிவு வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கருவி எந்த அளவில் மக்கர் பண்ணியது, அதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று மட்டும் எழுதுங்க. சொந்தக் கதையும் அரசியலும் வேறு இழையில்.

ஈரக்குமிழ்
பனிச்சறுக்குத் தளத்தில் சாதாரண தெர்மாமீட்டரை நம்பி ஸ்னோ கன்னை (தண்ணீரைத் துளியாகப் பீய்ச்சிப் பனியாக்கும் கருவி) ஓட்டினால் தண்ணீரும் கரண்டும் தண்டம். பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது. காற்று 0 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 4-ஐ ஒட்டி இருக்கும்; பனி விழும். அதே 0 டிகிரியில் ஈரப்பதம் 95 என்றால் வெறும் சாரல்தான். மைனஸ் 2 வாக்கில் தொடங்கலாம், ஆனால் மைனஸ் 5, 6-க்குக் கீழே போனால்தான் கட்டுப்படியாகும்.

கணக்கு இதுதான். 1 கன மீட்டர் தண்ணீருக்கு 2 முதல் 2.5 கன மீட்டர் பனி. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. போட 3,000 கன மீட்டர் பனி வேண்டும். அதாவது 1,200 முதல் 1,500 கன மீட்டர் தண்ணீர். ஆவியாவதும் காற்று அடித்துப் போவதும் தனி. இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும். ராத்திரியும் சூடாகிப் போவதால் அடி வாங்குவதும் அங்கேதான். முன்பு எட்டு ராத்திரியில் நிதானமாக அடித்ததை இப்போது கிடைக்கிற நாலு ராத்திரியில் அடிக்க வேண்டுமென்றால் பம்ப், குழாய், கன் எல்லாம் இரண்டு மடங்கு வேண்டும். பலர் கன்னை மட்டும் கூட்டிவிட்டுப் பம்பை அப்படியே விடுகிறார்கள். கடைசிக் கன்னில் அழுத்தம் இறங்கி, துளி பெரிதாகி, உறையாமலே தரைக்கு வருகிறது. குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் இதே கதிதான். கன்னுக்குப் போகும் முன் கூலிங் டவரில் அதன் சூட்டை இறக்க வேண்டும்.

பனி சரியாக வருகிறதா என்று பார்க்கக் கருவியே வேண்டாம். கன்னின் வீச்சுக்குள் நின்று சட்டைக் கையை நீட்டுங்க. துகள் பட்டுத் தெறித்தால் உலர்ந்த பனி. ஒட்டிக்கொண்டு துணி நனைந்தால் தண்ணீர் அளவைக் குறைக்கணும். ஈரப் பனியை அன்றைக்கே இயந்திரம் விட்டுச் சமன்செய்தால் பாளம் பாளமாக ஐஸ் ஆகிவிடும். குவியலாகவே ஒன்றிரண்டு நாள் விட்டு, நீர் வடிந்த பிறகு பரப்பணும்.

மலையோரம்
பழைய பனியைக் குவித்து மூடி அடுத்த சீசனுக்கு வைப்பது எடுபடுமா அண்ணே?

ஈரக்குமிழ்
எடுபடும், ஆனால் சமவெளிப் பனிநடை (கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங்) தடத்துக்கு மட்டும். முழுச் சரிவுக்கும் காணாது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் சுமார் 40 செ.மீ. மரத்தூள் போட்டுக் கோடை முழுக்க வைக்கிறார்கள். தூளின் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது. காற்றுப் போகாத ஷீட்டை அதன் மேல் விரித்தால் அந்த வேலை நின்றுவிடும். ரோன் பனியாற்றின் ஐஸ் குகை மேல் போடுகிற வெள்ளைத் துணி வேறு ரகம். அது வெயிலைத் திருப்பி அனுப்பி உருகலைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கடலடி
பவளத்திட்டுக்கு இறக்கிவிடும் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. காற்றில்லாமல், அலையில்லாமல், கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்கும் வாரம்தான் டைவிங்குக்கு ஆக அருமையான வாரம். வெப்ப அலை வரும்போது பவளத்துக்கு ஆக மோசமான வாரமும் அதுதான், ஏனென்றால் சூட்டோடு வெளிச்சமும் நேராக இறங்குகிறது.

ஒரு இடத்தின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரிக்கு மேல் 1 டிகிரி ஏறினாலே எண்ண ஆரம்பிக்கணும். கடைசி 12 வாரங்களில் இந்த மிகுதியைக் கூட்டி 'டிகிரி ஹீட்டிங் வீக்' என்கிறார்கள். 2 டிகிரி மிகுதி இரண்டு வாரம் நின்றால் 4. அந்த 4-இல் வெளிறல் (பவளம் நிறமிழந்து வெளுப்பது) கண்ணுக்குத் தெரியும், 8-ஐத் தொட்டால் சாவு தொடங்கும். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச் இதை இலவசமாகப் போடுகிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 2016-லும் அடுத்த ஆண்டே 2017-லும் பெரும் வெளிறல். பிறகு 2020, 2022, 2024. தேறி எழ அவகாசமே இல்லை.

வெளுத்தது எல்லாம் செத்தது இல்லை. கிட்டே போய்ப் பாருங்க: வெண்மைக்கு மேல் கண்ணாடி போன்ற சதை, நுண்கைகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பும் பச்சையுமாய்ப் பாசி மயிர் படர்ந்திருந்தால் முடிந்தது. உயிரோடு இருக்கும் அந்தச் சில வாரங்களில் புதிதாகக் கற்பவர்களை ஆழம் குறைந்த திட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. துடுப்புக்காலால் கிளப்பும் மணல் பவளத்தின் மேல் படியும், அதைத் தள்ளிவிடத் தெம்பு இருக்காது. மணல் தரைக்கு மாற்றுங்க. நங்கூரம் வேண்டவே வேண்டாம், மிதவையில் கட்டுங்க. பழைய போட்டோவைக் காட்டி டிக்கெட் விற்றால் பணத்தைத் திருப்பித் தருவதிலேயே சீசன் போய்விடும்.

மேல்தொட்டி
விடுதிக்காரர்களுக்கு. ஏசியின் திறன் 35 டிகிரி வெளிக்காற்றில் அளந்தது (டி1 வகை). டி3 வகை 46-இல் அளந்தது. வானிலை அறிக்கை 38 என்றால் நம் அவுட்டோர் யூனிட்டுக்கும் 38 என்று அர்த்தமில்லை. குறுகலான சந்தில் எதிரெதிராக மாட்டியிருந்தால் ஒன்று விடும் மூச்சை இன்னொன்று குடிக்கும். உள்ளே போகும் காற்று 50-ஐத் தாண்டலாம். ஹை பிரஷரில் ட்ரிப் ஆவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு, சரியாகச் செக்-இன் நேரம். காயிலின் பின்பக்கம் சென்சர் வைத்து அளந்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கைத் திட்டுங்க. காற்றைத் திசைதிருப்ப ஒரு தகடு, தூசி போன காயில்: பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். உப்புத் தண்ணீரைப் பீய்ச்சாதீங்க, காயிலின் மெல்லிய தகடுகள் (ஃபின்) அரித்துப்போகும்.

ராத்திரிப் புகார் தனி வகை. 23 செ.மீ. செங்கல் சுவரில் சூடு உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை நாலு மணி மேற்கு வெயில் படுக்கை நேரத்தில் அறைக்குள் வருகிறது. முன்பு ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று அதை இழுத்துப் போகும். ராத்திரியே சூடாக நின்றால் போகாது. உள்திரையால் பயன் குறைவு, சுவருக்கு வெளியே நிழல் வேண்டும்.

தொட்டியும் இதே கதை. பச்சைத்தண்ணீர்க் குழாயை இரண்டு நிமிடம் விட்ட பிறகும் 25-க்கு மேல் என்றால் துளி வழியாக மூச்சில் போய் நிமோனியா தரும் லீஜியோனெல்லா கிருமியை நினைச்சுக்கணும். 20 முதல் 45 வரை அது செழிக்கும். வெந்நீரை 60-இல் வையுங்க. காலி அறைகளில் வாரம் ஒருமுறை ஷவரைச் சில நிமிடம் ஓடவிடுங்க, துளி பறக்காதபடி ஷவர்த் தலையை வாளிக்குள் இறக்கி.

பாதசாரி
நடைச்சுற்றுலாவுக்கு: 2023 ஜூலையில் ஏதென்ஸ் அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடினார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஈரப்பதம், வெயில், காற்றுச் சூடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் டபிள்யூபிஜிடி (WBGT) அளவைப் பயன்படுத்துங்க: ஈரக்குமிழை 0.7, கருங்கோளத்தை (கறுப்புக் கோளத்துக்குள் வைத்த தெர்மாமீட்டர்) 0.2, காற்றை 0.1 ஆல் பெருக்கிக் கூட்டணும். உதாரணம் 28, 45, 34 என்றால் 32 வரும். கருவியை நிழலில் வைத்து அளக்கணும்.

ஈரக்குமிழ்
தோழரே, கடைசி வரி தப்பு. நிழல் வேண்டியது காற்று தெர்மாமீட்டருக்கு மட்டும். கோளமும் ஈரக்குமிழும் ஆள் நடக்கிற வெயிலிலேயே இருக்கணும். நிழலில் கோளம் 35 காட்டினால் அதுவே கூட்டுத்தொகையில் 2 டிகிரியைக் குறைத்துவிடும், நிறுத்த வேண்டிய குழு கிளம்பிப் போய்விடும். 15 செ.மீ. கோளம் நிலைக்க 20, 25 நிமிடம் ஆகும். அதற்கு முன் படிக்காதீங்க.