வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தலவாக்கலையான்
என் இறுதியாண்டு ஆய்வு முடிந்து 9 ஆண்டுகள் ஆகிவிட்டன; ஒரு மாலைப்பொழுது மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, தவறணையில் (நாற்றுமேடையில்) தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. கன்றுக்கு இல்லை என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். வறட்சியில் வீ.பி. செடி ஏன் முதலில் வாடுகிறது என்பதை அளந்து காட்டுவதற்காக, மண்துளைக் குழாயால் 15 சென்ரிமீற்றருக்கு ஓர் அடுக்காக 60 சென்ரிமீற்றர் வரை மண்ணெடுத்து, தோட்டத் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் 2 மில்லிமீற்றர் சல்லடையில் கழுவிவந்தேன். ஒருநாள் கழுவி முடித்து நிமிர்ந்தபோது, வடிகானில் ஓடிய செந்நிற நீரில் தலைமயிரை விட மெல்லிய வெள்ளை வேர்கள் கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்தன. நீரை உறிஞ்சுபவை அவைதாம். நான் அளக்க வந்தவையும் அவைதாம். இரு கைகளாலும் அள்ளினேன், விரலிடுக்கில் சேறுதான் மிஞ்சியது. அதன் பிறகு அரை மில்லிமீற்றர் சல்லடைக்கு மாறினேன். ஆனால், அதற்கு முந்திய இரண்டு வாரக் கணக்கை அறிக்கையிலிருந்து நீக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கவ்வாத்துக்காரர் மகள்
தம்பி, பழியெல்லாம் சல்லடை மீது போடுவதை நான் ஏற்கமாட்டேன். சரிவான மலையில் செடியின் மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் வேர் ஒரே மாதிரி ஓடாது. நீங்கள் எந்தப் பக்கம் துளைத்தீர்கள் என்று சொல்லவேயில்லை.

எனக்கு மறக்காதது அயடீன் சோதனை. கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறுக்குவதற்கு, முன் பென்சில் தடிப்புள்ள வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் தடவுவார் அப்பா. மாப்பொருள் நிறைய இருந்தால் கருநீலமாகும். இலையில்லாத செடி மீண்டும் துளிர்ப்பது அந்தச் சேமிப்பில்தான். அந்த ஆண்டு நீண்ட வெயிலுக்குப் பின் ஆறு செடிகளில் வேரெடுத்தார். ஆறும் அயடீனின் மஞ்சள் நிறத்திலேயே நின்றன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் சுற்றி எடுத்துப் போய் மேலிடத்தில் காட்டினார். திகதி குறித்தாயிற்று, வெட்டுங்கள் என்றார்கள். தன் கையால்தான் வெட்டினார். மூன்று மாதங்களுக்குப் பிறகும் அந்த மலையில் பாதிச் செடிகள் வெறும் கட்டையாகவே நின்றன.

பண்டாரவளை ஆசிரியர்
வகுப்பில் கண்ணாடிப் பக்கமுள்ள பெட்டியைச் சாய்த்து வைத்து போஞ்சி வளர்த்தோம். காலைதோறும் வேர்நுனி நின்ற இடத்தைப் பிள்ளைகள் கண்ணாடியில் பேனாவால் குறிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கறுப்புத் துணியைப் போட மறந்துவிட்டோம். திங்களன்று வந்து பார்த்தால் வேர்கள் வெளிச்சத்துக்கு அஞ்சிக் கண்ணாடியை விட்டு உள்ளே திரும்பியிருந்தன, ஒரு நுனியும் கண்ணில் படவில்லை.

தலவாக்கலைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேரை நிறுப்பதோடு நின்றுவிடக்கூடாது. ஒரு தடித்த வேரின் எடை ஆயிரம் மெல்லிய வேர்களை மறைத்துவிடும், ஆகவே நீளத்தை அளக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கழுவிய வேர்களைத் தட்டையான கண்ணாடித் தட்டில் சிறிது நீர்விட்டுப் பரப்பி, அடியில் 1 சென்ரிமீற்றர் கட்டத் தாளை வைத்து, நெடுக்கும் குறுக்குமாக உள்ள கோடுகளை வேர்கள் எத்தனை இடங்களில் வெட்டுகின்றன என்று எண்ணி, 11/14ஆல் பெருக்கினால் நீளம் சென்ரிமீற்றரில் வரும். 280 வெட்டு என்றால் 220 சென்ரிமீற்றர். நியூமன் என்ற ஆய்வாளர் 1966இல் முன்வைத்த முறை பின்னர் எளிமையாக்கப்பட்டு, 1975இல் டெனன்ட் என்ற ஆய்வாளரால் சோதித்துக் காட்டப்பட்டது. எண்ணுவதற்கு முன் செத்த வேரைப் பிரித்துவிடுங்கள்: அது கறுத்திருக்கும், வளைத்தால் ஒடியும். மானாப்புல் போட்டு வளப்படுத்திய மலையென்றால் புல் வேரும் கலந்திருக்கும். தேயிலைக் கன்று ஒன்றின் வேரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அன்றே கழுவ முடியாத மண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெளியில் வைத்தால் மெல்லிய வேர்தான் முதலில் அழுகும்.

தலவாக்கலையான்
அக்கா, நீங்கள் கேட்ட பிறகு பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாச் செடிகளிலும் மேட்டுப் பக்கம்தான். பள்ளப் பக்கம் கால் ஊன்ற இடமில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.